ஊட்டிக் குழாய்க்குப் பனியன்

எந்த வேலையையும் முறைப்படி செய்தே கெடுக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி. திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு தையல் விலகியதற்காக லாட் முழுவதையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். (தையல்காரர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் இங்கே தேவையில்லை.) ஓய்வுக்குப் பிறகு சோதிக்க எதுவும் இல்லாமல் வீட்டுச் சாம்பாரைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் மகள் கவிதா ஊட்டியில் ஒரு பழைய வீட்டை வாங்கினாள். அவளும் மாப்பிள்ளையும் அங்கே ஆசிரியர்கள். காதல் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா தாராபுரத்தில் இருக்கிறார். கல்யாணத்துக்கு வந்து, சாப்பிடாமல் கிளம்பியவர். அதன்பின் மூன்று வருடமாக மகன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அவரே இப்போது, தை மாதம் பால் காய்ச்சும் அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

வீட்டிலோ எல்லாக் குழாயும் ஒழுகியது. கவிதா போனில் கெஞ்சினாள்.

"அப்பா, நீங்க முன்னாடியே வந்து பிளம்பர் வெச்சு முடிச்சுக் குடுங்க. அத்தை வர்றப்ப தண்ணி இல்லைங்கற பேச்சு மட்டும் வரக்கூடாதுங்கப்பா."

நானும் மனைவியும் கிளம்பினோம். வீடு துடைக்க ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டும் கூடவே வந்தது. கட்டிங் மேசையில் மிஞ்சும் துண்டுத் துணி இல்லாமல் திருப்பூர்க்காரர் வெளியூர் போவதில்லை.

ஒரு பிளம்பரைத் தேர்ந்தெடுக்க நான் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம் தயாரித்திருந்தேன். முதலில் வந்தவர் மூன்றாம் கேள்வியில், போன் வருகிறது என்று வெளியே போனார். இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாமவரிடம், முதலில் ஒரு இணைப்பை மட்டும் சாம்பிளாகச் செய்து காட்டுங்கள், நான் ஒப்புதல் கொடுத்த பிறகு மற்றவற்றைத் தொடங்கலாம் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கவிதாவைத் தனியே அழைத்து, சார் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார்.

மூன்றாவதாக வந்தவர் போஜன், பக்கத்து ஊர்க்காரர். காதை மூடிய கம்பளிக் குல்லா. படிவத்தை வாங்கி ஈரத் தரையில் விரித்து, அதன்மேல் முழங்காலை ஊன்றி வேலையைத் தொடங்கிவிட்டார். விசேஷத்துக்கு முதல்நாள் மாலை எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது பின்பக்கத் தோட்டத்துக் குழாயை நூல்போல ஒழுகும்படி திறந்துவிட்டார்.

"இதை மட்டும் மூடாதீங்க சார். இது பள்ளம், பனி இறங்கும். தண்ணி ஓடிட்டே இருந்தாத்தான் குழாய் உறையாது."

தலையாட்டினேன். ஆனால் நான் திருப்பூர்க்காரன். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது தூரத்து உறவினர் வருவது மாதிரி. எப்போது என்று தெரியாது, வந்தால் டம்ளரைக்கூட விடாமல் நிரப்பி வைப்போம். விடிய விடிய ஒரு குழாய் சும்மா ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு தூங்க என் உடம்பு பழகவில்லை. போஜன் சாலை வளைவைத் தாண்டியதும் ஸ்பேனரை எடுத்து இறுக்கி மூடினேன். பிறகு இறுதி ஆய்வறிக்கை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன்: 'கசிவு: இல்லை. பின்புறக் குழாயைப் பிளம்பர் சரியாக மூடவில்லை. நான் மூடினேன்.' கீழே கையெழுத்து.

காலையில் புல்வெளி, பிளீச் செய்த துணியை விரித்ததுபோல வெளுத்திருந்தது. எந்தக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்கே தண்ணீர் கொண்டுவரும், சரிவில் இறங்கும் குழாய் உறைந்து, இணைப்பு வெடித்து, அதிலிருந்து ஒரு பனிக்கட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

போஜன் ஓடிவந்தார். குழாயை மூடினீர்களா என்று கேட்டார்.

"மூடப்பட்டிருக்கிறது" என்றேன். (குற்றவாளி இல்லாமல் வாக்கியம் அமைப்பது நிர்வாகத்தில் கற்றது.)

பதினான்கு கேள்விகளில் ஒன்றைக்கூடப் படிக்காத மனிதர், கதவில் இருந்த அறிக்கையைக் கையெழுத்துவரை படித்தார். சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. எதிரே இருந்த மரத்தைக் காட்டி, வெயில் அதைத் தாண்டி வரட்டும், இப்போது தொட்டால் மிச்சமும் உடையும் என்றார். வெயிலுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வழியில்லை.

வெயிலுக்கு முன்னால் தாராபுரத்துக் கார் வந்துவிட்டது. சம்பந்தியம்மா இறங்கி, கால் கழுவத் தண்ணீர் கேட்டார். கவிதா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஏனுங்க, என்னையப் பாத்து என்ன பண்றது? அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள் அவள்.

சொன்னேன். பனி, குழாய், ஸ்பேனர், அறிக்கை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தவறு என்னுடையது, மகள்மேல் கோபப்பட வேண்டாம் என்று முடித்தேன். நான் காரின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், மறுபடி திறந்துவிடுமோ என்று.

"ராத்திரி பூரா தண்ணி சும்மா ஓடறதாங்க? நானா இருந்தாலும் எந்திரிச்சுப் போயி மூடித்தானுங்கண்ணா இருப்பேன்."

சொல்லிவிட்டுச் சம்பந்தியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "கண்ணு கவிதா, பக்கத்துல ஊத்துத் தண்ணி ஏதாச்சும் இருக்குதா? ஒரு பக்கெட்டு எடுத்துக்கிட்டு வா."

மூன்று வருடத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரே பக்கெட்டின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி சரிவில் ஏறி வந்தார்கள், பாதித் தண்ணீரைச் சேலையில் ஊற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. பால் நல்ல நேரத்திலேயே பொங்கியது.

வெயில் வந்ததும் போஜன் புது இணைப்புப் போட்டார். குழாயைச் சுற்றச் சாக்கு கேட்டார். என் மனைவி பனியன் வேஸ்ட் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்வெட்டர் தைக்கும் கனத்த துணித் துண்டுகளாகப் பார்த்துச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டினார். குழாய் முழுவதும் சிவப்பும் மஞ்சளும். என் குல்லாவைவிட இது நன்றாக இருக்கிறதே என்றார் போஜன். அப்போதுதான் சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு கார்த்திகையிலும் திருப்பூரிலிருந்து ஒரு மூட்டை வேஸ்ட் ஊட்டிக்குப் போகிறது. அந்தத் தெருவில் எல்லாக் குழாய்களும் பனியன் போட்டிருக்கின்றன. என் அறிக்கை இன்னும் சமையலறைக் கதவில் இருக்கிறது. கிழிக்க யாரும் விடுவதில்லை.

சம்பந்தியம்மா தை மாதம் முழுக்க மகன் வீட்டில்தான் தங்குகிறார். படுக்கப் போகுமுன் எனக்குப் போன் செய்வார்.

"அண்ணா, கொழாயத் தொறந்தே வுட்டிருக்கேனுங்க. கைதான் அரிக்குதுங்க."