தலைநகர் வழியாக வந்த தாய்மாமன்

ஒரு காட்டில் விமான நிலையம் கட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் அங்கேயும் ஒன்று கட்டினார்கள். நடுவில் ஒரே ஒரு மலை. சிறகுள்ளவர்கள் அரைமணி நேரத்தில் தாண்டிவிடுவார்கள்.

முதல் காட்டில் ஆண்டியப்பன் என்றொரு நாரை இருந்தார். மலைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட தங்கை வெள்ளையம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. நாரைக்குக் காது எங்கே என்று கேட்காதீர்கள், மரங்கொத்தி ஆசாரி தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆண்டியப்பன் போகாவிட்டால் தங்கை புகுந்த வீட்டில் தலைநிமிர முடியாது.

போன விசேஷத்துக்கு அவர் பறந்துதான் போனார். வியர்க்க விறுவிறுக்க இறங்கியவரை 'வாங்க' என்று சொல்லவும் நாதியில்லை. விமானத்தில் வந்த கூழைக்கடாவை மட்டும் மச்சான் ஓடிப்போய் அழைத்து வந்தார். அந்த அவமானம் ஆண்டியப்பனுக்கு மீன் முள்ளாகத் தொண்டையிலேயே நின்றது.

இந்த முறை விமானம்தான் என்று முடிவு கட்டினார். கைபேசியில் தேடினால், 'பறக்கும் நேரம்: ஆறு நிமிடம்' என்று வந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். நாரைக்குப் பல் ஏது என்றும் கேட்காதீர்கள்.

விசேஷத்தன்று காலையில் மாமன் சீர் வைத்த பெட்டியைக் கவுண்டரில் போட்டுவிட்டு, எந்த வாசல் என்று விசாரித்தார்.

"ஆறு நிமிஷங்கிறது தூரத்தை வச்சுப் போட்ட கணக்கு சார்," என்றாள் கவுண்டர் கிளி. "நேரா போற விமானம் கிடையாது. தலைநகர் போய் மாறணும்."

"ஏம்மா, பக்கத்து மலைக்குப் போக எதுக்குத் தலைநகர்?"

"எல்லா விமானமும் சிங்கராஜா கண்ணுல பட்டுட்டுத்தான் போகணும். நாளைக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்துடுவீங்க."

"அப்ப பெட்டியைக் குடும்மா, நான் பறந்தே போறேன்."

"பெட்டி ஏறிடுச்சு சார்."

சீர் இல்லாமல் எந்த மாமன் போவான்? அவரும் ஏறினார்.

விமானம் மலையைத் தாண்டியது. ஜன்னலுக்கு நேர் கீழே தங்கை வீட்டுப் பந்தல். வெள்ளையம்மாள் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கதவைக் கொஞ்சம் திறம்மா, இங்கேயே இறங்கிக்கிறேன்," என்று பணிப்பெண் மைனாவிடம் கெஞ்சினார்.

"பறக்கும்போது பறக்கக் கூடாது சார். பெல்ட்டைப் போடுங்க."

மறுநாள் சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார். வெளியே மேளதாளம். மச்சான் மாலையோடு நின்றார்.

"விமானத்துல வர்ற மாமனை விட்டுட்டுக் குத்திடுவோமா மச்சான்? முகூர்த்தத்தை மாத்திட்டோம்."

மரங்கொத்தி ஒரே கொத்தில் வேலையை முடித்தார். மடியிலிருந்த குழந்தை வலியில் அழுதது, வெள்ளையம்மாள் பெருமையில் அழுதாள்.

தம்பி கோட்டைச்சாமி முதல் நாள் விடியும்போதே பறந்து வந்தவன். அவனும் தாய்மாமன்தான். ஆனால் வந்ததும் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டதால், அவனுக்கும் ஒரு மடி இருப்பது யாருக்கும் தோன்றவில்லை.

"ஏண்ணே, அரைமணி நேரத்துல வந்திருக்கலாமே?" என்றான்.

"அடுத்த விசேஷத்துக்கு நீயும் விமானத்துல வந்துருடா."

"அப்ப சாம்பாரை யாரு ஊத்துறது?"

"அது பறந்து வர்றவங்க பாடு," என்று ஆண்டியப்பன் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

நீதி: நேரத்துக்குப் போகிறவருக்குக் கரண்டி கிடைக்கும். ஆகவே, விமானத்தில் செல்க.