பாத்திர சோப்புக்கு ஒரு மனு

இந்தியப் பொருளாதாரம் இன்றைக்குத் தடுமாறாமல் நிற்கிறதென்றால், அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகைதான். இது பலருக்குத் தெரியாது. டெல்லியில் இருப்பவர்களுக்கு அறவே தெரியாது. கொட்டகையின் நிறுவனரும், தலைமை விஞ்ஞானியும், என் கழுத்தில் தாலி கட்டியவருமான திரு. லிங்கராஜ் அவர்கள் தன்னடக்கம் காரணமாக இதை வெளியே சொல்வதில்லை. ஆகவே பாண்டிச்செல்வியாகிய நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பகலில் பதினோரு பேரைக் கண்காணிக்கிறார். மிச்ச நேரத்தில் எங்களைக் கண்காணிக்கிறார். போன வருஷம் சித்திரையில் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தார். "கடைச் சோப்பு உங்கள் சம்பளத்தைத் தின்கிறது" என்று அதில் ஒருவர் கண்ணீர் மல்கச் சொன்னார். அன்று மாலையே 'குடும்பச் சிக்கன நடவடிக்கைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், அவர். உறுப்பினர்கள், நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் பிரித்திகாவும்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கடைச் சோப்பு, கடைப் பேஸ்ட், கடை ஷாம்பு எதுவும் நுழையப்படாது. எல்லாம் சொந்தத் தயாரிப்பு" என்று தலைவர் முதல் கூட்டத்தில் உரையாற்றினார்.

"யாருப்பா தயாரிப்பாவ?" என்று பிரித்திகா கேட்டாள்.

"நாமதான்."

"நாமன்னா?"

"ஒங்கம்மா."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முதல் தயாரிப்பு, பாத்திரம் துலக்கும் திரவம். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலைத் தலைவர் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அத்துடன் அவர் பங்கு முடிந்தது. நான் அதைக் கழுவி, நறுக்கி, இரண்டு மணி நேரம் வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, கல்லுப்பும் சலவைச் சோடாவும் கலப்பேன். சோடாவின் அளவைக் காணொளியில் சொன்னதைவிட இரண்டு மடங்காக்கியது தலைவரின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஐம்பது நாள் வந்த சிலிண்டர் முப்பதே நாளில் தீர்ந்தபோது நான் லேசாக வருத்தப்பட்டேன்.

"அது எரிபொருள் தலைப்புல வர்ற செலவு. சோப்புத் தலைப்புல வராது. நிர்வாகம் தெரியாம பேசாத" என்றார். எனக்கு நிர்வாகம் தெரியாதுதான்.

அடுத்தது பல்பொடி. நம்ம பக்கம் விளைகிற சீமைக்கருவேல் கரியை மூட்டையாக வாங்கி, உரலில் இடித்து, உப்பு சேர்த்துக் கொடுத்தேன். பிரித்திகா பள்ளிக்கூடத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒழுக்கமான பிள்ளை என்று டீச்சர் பாராட்டினார். பிறகு கொசுவிரட்டி. வேப்பெண்ணெயில் சூடத்தைக் கரைத்து, துணித் திரியை முக்கிக் கொளுத்தினோம். கொசுக்கள் நீங்கலாக மற்ற எல்லோரும் வீட்டை விட்டு வெளியேறினோம். 'சோதனை வெற்றி' என்று தலைவர் கூட்டக் குறிப்பில் எழுதினார்.

இவ்வளவு பெரிய தேசப்பணியில் ஒரு சின்னக் குறை, என் கை. பத்து மாதம் அந்தத் திரவத்தில் மூழ்கியதில் விரல்களில் முதலில் அரிப்பு வந்தது, பிறகு தோல் உரிந்தது, பிறகு வெடிப்பு விட்டு ரத்தம் கசிந்தது. சோற்றில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். நான் வேலை பார்ப்பது கடலைமிட்டாய் கம்பெனியில், பாக்கிங் பிரிவில். அங்கே சூப்பர்வைசர் ராஜமணி அண்ணாச்சி ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டு உறையை மாட்டச் சொன்னார். உறைக்குள்ளும் ரத்தம் கசிந்தது.

"யம்மா, திங்கிற பொருளும்மா இது. இந்தக் கைய வச்சுக்கிட்டு உள்ள விட முடியாது. ஆத்திட்டு வா. ஒண்ணாந்தேதி வரைக்கும் ஒன் எடத்த வச்சிருப்பேன். அதுக்கு மேல மொதலாளி வேற ஆள எடுத்துருவாரு" என்றார்.

அவர் சொன்னது பங்குனி தொடக்கத்தில். கை ஆற வேண்டுமென்றால் அந்தத் திரவத்தைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். எட்டு வருஷமாக நான் நின்று சம்பாதித்த இடம் அது. ஆனாலும் முறைப்படி நடந்துகொண்டேன். குழுவின் தலைவருக்கு வெள்ளைத்தாளில் மனு எழுதினேன். 'பொருள்: பாத்திரம் துலக்கும் சோப்பு ஒன்று வழங்கக் கோருதல், தொடர்பாக.'

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. மனுதாரருக்கு வழங்கினால் பிறரும் கேட்கக்கூடும் என்பதால் நிராகரிக்கப்படுகிறது.' எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அந்தப் 'பிறர்' யாரென்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்கா என் கையைப் பார்த்துப் பதறிவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் ஷம்சுல் ஆலம் பாய் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அக்கா சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு சோப்பை நீட்டி, "செல்வி, இத வச்சுக்க. அவியளுக்குத் தெரியாண்டாம்" என்றார். தலைவர் கண்ணுக்கு எது தப்பும்? "அன்பளிப்பு வாங்குறது நடத்தை விதிக்கு முரண்" என்று சோப்பு அன்றைக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் தலைவர் தம் வாழ்நாள் சாதனையைத் தொடங்கினார். தரை துடைக்கும் திரவம். பழத்தோல், வெல்லம், தண்ணீர் மூன்றையும் பாட்டிலில் அடைத்துத் தொண்ணூறு நாள் புளிக்கவைக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் பொறுக்கிய பெரிய குளிர்பான பாட்டில்கள் பதினெட்டில் கலவை நிரப்பப்பட்டு, தகரக் கொட்டகையில் கரிப்பொடி மூட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டன.

"யப்பா, தெனமும் மூடியத் தொறந்து கேஸ வெளிய விடணும்னு வீடியோவுல சொல்லுதாவளே" என்றாள் பிரித்திகா.

தலைவர் அவளை இரக்கத்துடன் பார்த்தார். "வெல்லம் யாரு காசு?"

"நம்ம காசு."

"அதுலருந்து வர்ற கேஸு?"

"அதுவும்... நம்ம காசுதான்."

"பெறவு எதுக்கு அத வெளிய விடணும்? நல்லா இறுக்கி மூடு."

பங்குனி வெயிலுக்குக் காற்றைக்கூட மிச்சம் பிடிக்கும் சிக்கனம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒண்ணாந்தேதிக்கு மூன்றே நாள் இருக்கும்போது, முதல் பாட்டில் வெடித்தது. அது பக்கத்துப் பாட்டிலைத் தட்ட, பதினெட்டும் சரம் பற்றியது போல வரிசையாக வெடித்தன. கொட்டகையின் தகரம் ஒன்று பறந்துபோய்த் தெருவில் விழுந்தது. கரி மூட்டை கிழிந்து, கறுப்பாக ஒரு மேகம் எழும்பித் தெருவையே மூடியது.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நடுவில் குடியிருக்கும் ஊர் எங்களுடையது. இங்கே சத்தம் கேட்டால் என்ன வெடித்தது என்று யாரும் கேட்பதில்லை. யார் வீட்டில் பட்டாசு மருந்து வைத்திருந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். தெரு ஜனம் மொத்தமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முக்குக்கு ஓடிவிட்டது. அரை மணி நேரத்தில் வி.ஏ.ஓ. சுடலைராஜ் இரண்டு போலீஸ்காரர்களுடன் வந்து இறங்கினார்.

கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். தரையெல்லாம் கறுப்புப் பொடி. மூலையில் டப்பா நிறைய வெள்ளைப் பொடி. பக்கத்தில் சூடம், கத்தை கத்தையாகத் திரி.

"லைசென்ஸ எடுங்க" என்றார்.

"சார், இது பல்பொடி" என்றார் தலைவர்.

"திரி எதுக்கு?"

"கொசுவுக்கு."

"வெள்ளப் பொடி?"

"பாத்திரம் வெளக்க."

"அப்ப வெடிச்சது எது?"

"தரை துடைக்கது சார்."

வி.ஏ.ஓ. பொறுமையாகத் தொப்பையைத் தடவிக்கொண்டார். "இருவது வருச சர்வீஸ்ல தரை துடைக்கது வெடிச்சு நான் பாத்ததில்ல. வீட்ட முழுசா பாக்கணும். சாட்சிக்கு அக்கம்பக்கத்துல யாராச்சும் வாங்க."

ஷம்சுல் ஆலம் பாய் சாட்சியாக வந்தார். சமையலறை, பரண், குளியலறை என்று எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் தலைவரின் இரும்பு பீரோ முன்னால் வந்து நின்றார்கள். தலைவர் குறுக்கே நின்றார்.

"இதுல ஆபீஸ் ரகசிய ஃபைலு இருக்கு சார்."

"வெடிமருந்து கேசுல ரகசியம்லாம் கெடையாது. சாவியக் குடுங்க."

பீரோ திறந்தது. வீடு முழுக்கச் சந்தன வாசம் பரவியது. வி.ஏ.ஓ. ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, போலீஸ்காரர் சோதனைப் பட்டியலான மகஜரில் எழுதிக்கொண்டார். சந்தன சோப்பு நான்கு. வெள்ளைப் பேஸ்ட் இரண்டு, ஒன்று பாதி பிதுக்கியது. ஷாம்பு பாட்டில் ஒன்று. பிளக்கில் செருகும் கொசு மருந்து ஒன்று. கையில் தடவும் க்ரீம் ஒரு டியூப், முக்கால்வாசி தீர்ந்தது.

"இந்த சோப்பு மூணு வாங்குனா ஒண்ணு சும்மா கெடைக்கும் சார்" என்றார் பாய், தொழில் பழக்கத்தில். "அந்தச் சும்மா சோப்பும் இங்கனதான் இருக்கு."

"யாரோடது இதெல்லாம்?" என்றார் வி.ஏ.ஓ.

"ஒப்பீட்டு ஆய்வுக்கான மாதிரிகள் சார். நம்ம தயாரிப்போட ஒப்பிட்டுப் பாக்கதுக்கு."

"பாதிதான இருக்கு?"

"ஆய்வு நடந்துக்கிட்டு இருக்கு சார்."

பிரித்திகா அப்பாவின் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எப்போதும் பளிச்சென்றுதான் இருந்திருக்கிறது. பதினோரு மாதமாக அதைத் தலைமைப் பண்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் அந்தக் க்ரீம் டியூபை எடுத்துப் பார்த்தேன். ஃபைல் புரட்டும் கைக்கு வறட்சி வந்துவிடக் கூடாதே.

மகஜரில் வீட்டார் சார்பில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவைப் பிடித்தேன். விரல் மடங்கவில்லை, வெடிப்பு பிளந்து தாளில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. வி.ஏ.ஓ. என் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. பட்டாசு மருந்தில் வெந்த கை எத்தனையோ பார்த்தவர் அவர்.

"கைய இப்பிடி வச்சுக்கிட்டுப் பல்பொடி, பாத்திரப் பொடின்னு எங்கிட்ட கத சொல்லுதீயளா? பயப்படாம உண்மையச் சொல்லும்மா. இந்த வீட்ல லைசென்ஸ் இல்லாம என்னதான் தயாரிக்காவ?"

தலைவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று ஜாடையாகத் தலையை ஆட்டினார். வீட்டு மானம், வேலை, பென்ஷன் எல்லாம் அந்த ஆட்டலில் இருந்தது. பதினோரு மாதமாக அவர் தலையாட்டச் சொன்னபோதெல்லாம் ஆட்டியவள் நான்.

"சிக்கனம் சார்" என்றேன். "இவியதான் மொதலாளி. மூலப்பொருள், என் கை."