சின்ன உரசல்தான் சார்!

மச்சானுக்கு இரண்டு லட்சம் தர வேண்டியிருந்தது. வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உரசல்காரர் என்கிற இனத்தைப் பற்றிச் சொல்ல வருகிறவன் இந்தக் கடனிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் கடன் கழுத்தைப் பிடிக்கும்வரை இந்த இனம் நம்மோடு கலந்து, நம்மைப் போலவே பல் விளக்கி, நம்மைப் போலவே வேலைக்குப் போய், நம்மைப் போலவே வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு இருக்கும். பார்த்தால் தெரியாது. காரை விற்கக் கிளம்பும் அன்றைக்குத்தான் தெரியும்.

யார் இந்த உரசல்காரர்? மோதிய காரை உரசிய காராக விற்கிறவர். படித்தவர்கள் இதற்கு நீளமாக ஏதாவது பேர் வைத்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் ஏழு வண்டி வாங்கி ஏழையும் கை சுடாமல் விற்ற என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பேரே போதும்.

இவர் கார் வாங்கப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டும். பேனட்டைத் திறந்து, திருகாணிகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று மூக்கு இஞ்சினில் இடிக்கும்வரை குனிவார். கதவு இடுக்கில் நகத்தை விட்டு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடைவெளி ஒன்றுதானா என்று அளப்பார். வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெயிண்ட் எங்கேயாவது நிறம் மாறுகிறதா என்று தேடுவார். பம்பரில் கொசு கடித்த அளவுக்கு ஒரு தடம் அகப்பட்டுவிட்டால், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அடிபட்ட வண்டியாச்சே சார்" என்று விலையில் கால்வாசியை நின்ற இடத்திலேயே வெட்டுவார். விற்கும்போது? அதே மனிதர், அதே கண். எதுவும் தெரியாது.

நம்முடைய உரசல்காரர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். போன வருஷம் ஒருநாள், போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர், சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த லாரியின் முதுகில் காரைக் கொண்டுபோய்ச் செருகினார். பேனட் மடிந்தது, ரேடியேட்டர் உடைந்தது, விளக்குகள் சிதறின, வலது பக்கக் கதவு சட்டத்தை விட்டு விலகியது. அவருக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். விபத்து ஒன்றுதான். ஆனால் உரசல்காரர் அதை ஆளுக்குத் தகுந்த மாதிரி தைத்துக் கொடுத்தார்.

இன்சூரன்ஸ்காரருக்கு ஓர் அளவு. "சார், முன்பக்கம்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப இல்ல." பழுது பார்த்த செலவு முழுவதும் வந்து சேர்ந்தது.

மச்சானுக்கு வேறு அளவு. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், கடன் கொடுத்தவர். "இஞ்சின் மடியில வந்து உக்காந்துடுச்சு மச்சான். நான் உசுரோட உங்ககிட்ட பேசறதே பெரிசு. கையில இருந்ததெல்லாம் வண்டிக்கே போயிடுச்சு. கொஞ்சம் பொறுத்துக்குங்க." இன்சூரன்ஸ் பணம் வந்த கதையை அதில் அவர் சேர்க்கவில்லை. மச்சான் கண் கலங்கிவிட்டார். ஒரு வருஷம் கடன் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

இப்போது வந்தது. கடையை விரிக்கிறாராம். பணம் வேண்டுமாம். கேட்டதும் நியாயமாகத்தான் கேட்டார். உரசல்காரரின் மனைவிதான் சும்மா விடவில்லை. "எங்க அண்ணன் பணத்தைக் குடுக்காம நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் வேற கட்டணும். காரை வித்துத் தொலைங்க."

அடிபடாத வண்டியாக இருந்தால் அது ஐந்து லட்சம் போகும். மச்சானுக்கு இரண்டு, பெண்ணின் காலேஜுக்கு மூன்று. கணக்கு எழுதுகிறவருக்குக் கணக்குச் சரியாக வந்தது. அடிபட்ட வண்டி என்று தெரிந்தால் மூன்றுக்கு மேல் எவனும் கேட்க மாட்டான். மச்சான் முகமும் மகள் படிப்பும் ஒரே ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன: உரசல்.

ஞாயிற்றுக்கிழமை ஆளை வரச் சொன்னார். எப்போது? சூரியன் இறங்கிய பிறகு. கார் எங்கே நின்றது? மரத்தடியில், பெயிண்ட் அடித்த வலது பக்கம் மதிலை ஒட்டி, நடுவில் ஒரு பூனை போகலாம், ஆள் போக முடியாது. டயருக்குக் கறுப்பு மை, சீட்டுக்குப் புது உறை, உள்ளே மூச்சு முட்டும் அளவுக்கு வாசனை.

வந்தவர் ஒரு பல் டாக்டர். கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். மெக்கானிக் இஞ்சினை உறுமவிட்டுக் கேட்டார், டயரை உதைத்தார், டீயை வாங்கிக்கொண்டார், "நல்லாருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு கிளாஸோடு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டர்தான் விரல் முட்டியால் பேனட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வலிக்கிறதா என்று காரைக் கேட்டுவிடுவாரோ என்று உரசல்காரருக்கு ஒரு பயம்.

"அடி கிடி ஏதாவது பட்டிருக்கா சார்?"

"அடியா? அதெல்லாம் இல்ல. பார்க்கிங்ல நின்னப்ப ஒரு ஸ்கூட்டர்காரன்... சின்ன உரசல்தான் சார். துடைச்சாலே போயிருக்கும். எனக்குத்தான் மனசு கேக்கல, பெயிண்ட் அடிச்சேன்."

சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! பால் குடிக்கும் குழந்தை தோற்றுப்போகும். பேரம் நடந்தது. நாலே முக்காலில் நின்றது. பல் டாக்டர் முன்பணம் எடுக்கப் பைக்குள் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து வாசல் கேட் திறந்தது. கையில் பழப் பையோடு மச்சான்.

வண்டி இன்றைக்கு விலை போகிறது என்று தங்கை போன் பண்ணியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒத்தாசையாக நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று வந்திருக்கிறார், பாவம்.

"சார்தான் வாங்கறவரா? விட்டுடாதீங்க சார். ராசியான வண்டி. லாரி முன்பக்கத்தை மொத்தமா முழுங்கிடுச்சு, இஞ்சின் வந்து எங்க மாப்பிள்ளை மடியில உக்காந்துச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகலயே! அப்படிக் காப்பாத்தின வண்டி சார் இது!"

பல் டாக்டரின் கை பைக்குள்ளேயே நின்றது.

"இஞ்சின் மடியில வந்துச்சா? ஸ்கூட்டர் உரசினதுன்னாரே?"

"ஸ்கூட்டரா?" மச்சான் திரும்பினார். "என்ன மாப்ளே, லாரியா ஸ்கூட்டரா?"

இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். லாரி என்றால் இந்தப் பக்கம் நாலே முக்கால் போகிறது. ஸ்கூட்டர் என்றால் அந்தப் பக்கம் ஒரு வருஷத்து மானம் போகிறது. வாழ்நாள் முழுக்க வரவையும் செலவையும் சரிக்கட்டிய மனிதருக்கு இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வழி தெரியவில்லை. உதவிக்கு, வாசற்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கழுத்து வலிக்குதுன்னு ஆறு மாசம் என்னைத் தைலம் தேய்க்க வெச்சீங்களே, அது ஸ்கூட்டருக்கா?"

உரசல்காரர் தொண்டையைச் செருமினார்.

"லாரிதான்," என்றார். "ஆனா சின்ன லாரி."

மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பல் டாக்டர் பையை மூடினார். கோபப்படவில்லை, தினமும் பத்துப் பேர் வாயைப் பார்க்கிறவர், எத்தனை பார்த்திருப்பார். "அடைச்ச பல்லுல நல்லாவே மெல்லலாம் சார். ஆனா அதை ஒரிஜினல் பல்லுன்னு என்கிட்டயே விக்கப் பாத்தீங்களே! லாரின்னு முதல்லயே சொல்லியிருந்தா மூணரைக்கு எடுத்திருப்பேன். இனிமே நீங்க ஹாரன் அடிக்குதுன்னு சொன்னாக்கூட நான் அடிச்சுப் பாக்கணும்." போய்விட்டார்.

மச்சான் பழப் பையைத் தங்கையிடம் கொடுத்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மதிலுக்கும் கதவுக்கும் நடுவே எட்டிப் பார்த்தார்.

"இன்சூரன்ஸ் ஒண்ணும் தரலயா மாப்ளே?"

உரசல்காரர் காலால் தரையில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரி விடு. வண்டிய நானே எடுத்துக்கறேன். கடைக்குச் சாமான் ஏத்த ஆகும். மூணு போட்டுக்கோ."

"மச்சான்! இப்பத்தான் நாலே முக்காலுக்குப் பேசி முடிச்சேன்..."

"அது ஸ்கூட்டர் உரசின வண்டிக்கு மாப்ளே. என்கிட்ட நீ சொன்னது இஞ்சின் மடிக்கு வந்த வண்டி. நீ சொன்ன வண்டிக்குத்தானே நான் விலை போட முடியும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லிப் பாருங்கள். மூன்றில் கடன் இரண்டு போக மீதி ஒன்று.

"பீஸுக்கு இன்னும் ரெண்டு வேணுமே," என்றாள் மனைவி, சின்னக் குரலில்.

"ஆபீஸ்ல லோன் கேக்கறேன்."

"என்ன சொல்லிக் கேப்பீங்க?"

உரசல்காரர் காரைப் பார்த்தார். அதே விபத்துக்கு மேலாளர் உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி புதிதாக ஓர் அளவு எடுக்க, அவர் மனம் அப்போதே நாடாவை விரித்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கைமாற்றுக் கேட்டு வந்த தம்பியிடம் உங்கள் சம்பளத்தைச் சொன்னபோதும், வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் அதே சம்பளத்தைச் சொன்னபோதும் தொகை ஒன்றுதானா? மழைக்கு ஒழுகுகிற அறையை வாடகைக்கு விட்டபோது "நல்ல காத்தோட்டம்" என்றது யார்? உங்கள் காரையும் ஒருநாள் விற்கத்தான் போகிறீர்கள். அன்றைக்கு எந்தப் பக்கத்தை மதிலோரம் நிறுத்துவீர்கள் என்று இப்போதே யோசித்துப் பாருங்கள். யோசித்தாயிற்று, இல்லையா? அதுதான் சொன்னேன், பார்த்தால் தெரியாது.

மச்சான் இடுப்புப் பையைத் திறந்தார். உரசல்காரர் கையை நீட்டினார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, வாய்விட்டு எண்ணி, நோட்டு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார் மச்சான். பாதியில் உரசல்காரர் ஒரு நோட்டை மட்டும் எடுத்து, வாசல் விளக்கின் கீழே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நடுவில் டேப் ஒட்டியிருந்தது.

"மச்சான், இது கிழிஞ்சிருக்கே."

"கிழிசலா? லேசா மடங்கினது மாப்ளே," என்று மச்சான் அதை வாங்கித் திரும்பவும் அவர் உள்ளங்கையில் வைத்து, மேலே அடுத்த நோட்டை வைத்து எண்ணத் தொடங்கினார்.