காற்றை விழுங்கிய முனி

சோழவந்தான் போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே முதல் அற்புதம். வந்து நிற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நோய்: ஏசி ஃபேன் சுற்றவில்லை. வைத்தியர், பேயாண்டிச் சாமி. மெக்கானிக்கிடம் போனால் கையில் கிரீஸ் ஒட்டும். இங்கே விபூதி ஒட்டும். மக்கள் விபூதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சாமியின் சோதனை முறையே தனி. சித்திரை வெயிலில் ஹீட்டரைப் போடச் சொல்வார். காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே மதுரைக்காரர் பலருக்கு அங்கேதான் தெரியவந்தது.

"குளிரும் வரல, அனலும் வரல. ரெண்டு வாசலையும் முனி அடைச்சுட்டாரு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பழைய கார் என்றால் பரிகாரம் உண்டு. சீடன் தனியாக ஏறித் தோப்பைச் சுற்றி வருவான். திரும்பும்போது காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். புதுக் கார் என்றால் பரிகாரம் பலிக்காது. "இது ரத்தம் கேக்குற வண்டி. தோப்புலயே விட்டுட்டுப் போ." முனிக்கும் மாடல் வருஷம் பார்த்துத்தான் கோபம் வருகிறது.

அழகுபாண்டியின் கார் புதுசு. காளவாசலில் வாடகைக்கு ஓட்டுகிறான். வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் காரால்தான். ஆனாலும் சாமி ரத்தம் என்றதும் சாவியை நீட்டிவிட்டான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள் மனைவி பாண்டிமீனா.

"இருங்க. வீட்டுல ஃபேன் நின்னா குறி சொல்ற கோடாங்கியவா கூப்பிடுறீங்க?"

"ஃபியூஸப் பாப்பேன்."

"காருல பாத்தீங்களா?"

"அது வீடு. இது முனி, மீனா."

"குளிருக்கும் அனலுக்கும் ஊதுறது ஒரே ஃபேன்தான். அதுக்குக் கரண்டு போகல. இம்புட்டுதான் விஷயம்."

சாமி கண்ணை உருட்டினார். "தாயி, ஃபியூஸ எரிச்சதே முனிதான்."

"அப்ப எரிஞ்ச ஃபியூஸ் உள்ள இருக்கணுமே."

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியை நகத்தால் நெம்பினாள். எது எதற்கான ஃபியூஸ் என்று மூடியின் உள்பக்கமே படம் போட்டிருந்தது. ஃபேனுக்கு உரிய இடம் காலி.

"எரிக்கிற முனியக் கேள்விப்பட்டிருக்கேன். பிடுங்கி வச்சுக்கிற முனிய இப்பத்தான் பாக்குறேன்."

பக்கத்தில் சாமியின் கார். அதே கம்பெனி, அதே மாடல். உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு சீடன் தூங்கினான். பாண்டிமீனா கதவைத் திறந்தாள். அதே இடத்து ஃபியூஸைப் பிடுங்கித் தங்கள் காரில் செருகினாள். சாவியைத் திருப்பினாள். மந்திரமில்லை, வலமில்லை, முகத்தில் காற்று அறைந்தது.

சீடன் வேர்த்து விழித்தான். "சாமி, காத்து வரல."

"முனி உங்க வண்டிக்கு வந்துட்டாரு சாமி," என்றாள் பாண்டிமீனா. "புது வண்டி வேற. தோப்புலயே விட்டுட்டு நடந்து போங்க."

தோப்பு முழுக்க மூடிகள் திறந்தன. எல்லாவற்றிலும் ஃபேனின் இடம் மட்டும் காலி.

"வண்டி கழுவி வாங்குன அன்னிக்குத்தான் எனக்குக் காத்து நின்னுச்சு. நீங்க எங்கண்ணே கழுவுனீங்க?" என்று அழகுபாண்டி பக்கத்துக் கார்க்காரரைக் கேட்டான்.

"கோச்சடையில, நல்லகாமன்கிட்ட. அவர்தான் சாமிகிட்டப் போகச் சொன்னாரு."

"எனக்கும் அவர்தான் சொன்னாரு."

எல்லோருக்கும் அவர்தான் சொல்லியிருந்தார். நல்லகாமன், சாமியின் மச்சினன்.

அழகுபாண்டி விபூதிச் சட்டிக்குள் கையை விட்டான். சாம்பலுக்கு அடியிலிருந்து சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஃபியூஸ்கள் வந்தன. சாமி அருள் வராமலே ஓடப் பார்த்தார். முன்பு காரைக் கொடுத்துவிட்டு நடந்து போன ஒருவர் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் வரும்வரை விடவில்லை.

அழகுபாண்டி சாவியை மடியில் செருகிக்கொண்டான். இன்னொருவரோ, தன் ஃபியூஸைக் கண்ணில் ஒற்றி, குங்குமம் வைத்து மாட்டினார்.

ஃபியூஸ் மூடியைத் திறக்க ஒரு நகம் போதும். மண்டையைத் திறக்க ஒரு கேள்வி போதும். தயவுசெய்து அதையும் சாமியிடம் போய்க் கேட்காதீர்கள்.