காயாத சிவப்பு

சும்மா இரு என்று சொன்னால் எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். இது குணமா, நோயா என்று இன்றுவரை தெரியாது. குணம் என்று நினைத்துத்தான் என் கணவர் என்னைக் கட்டினார். கலியாணமாகி எட்டாம் மாதம் நோய் என்று முடிவுக்கு வந்தார். அந்த எட்டாம் மாதத்துக் கதை இது.

அறுபதுகளின் தொடக்கம். அவருக்கு இரணைமடு வாய்க்கால்களைப் பார்க்கும் வேலை, வட்டக்கச்சியில் குடியிருந்தோம். முல்லைத்தீவில் அவருடைய தங்கை ரோசலினுக்குக் கலியாணம். தகப்பன் இல்லாதபடியால் அண்ணன்தான் கைபிடித்து மாதா கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பதாகவும் பேச்சு. அதுவோ துருவேறிக் கிடந்தது.

"இதைக் குடுத்தா மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினம்?"

"ஓடுதுதானே. பேசாமல் இரும்."

பேசாமல்தான் இருந்தேன். கைதான் இருக்கவில்லை.

கப்பலில் வேலை செய்த என் தமையன் கொண்டுவந்த இரண்டு பெயின்ற் ரின்கள் அலுமாரிக்குள் இருந்தன. மேலே அமுக்கினால் சிவப்புப் பெயின்ற் புகைபோலச் சீறும். கலியாணத்துக்கு முதல்நாள், அவர் வேலைக்குப் போனதும் வண்டியை முற்றத்துக்குத் தள்ளினேன். துருவைச் சுரண்ட வேண்டும் என்று தெரியும். ஐந்து நிமிடம் சுரண்டினேன். ஒரு பூச்சுக் காய்ந்தபின்தான் அடுத்தது என்றும் தெரியும். பத்து நிமிடம் பொறுத்தேன் (அதில் ஏழு நிமிடம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்). பாதிப் பெயின்றைச் சோளகக் காற்று பக்கத்து வீட்டு வெள்ளை ஆட்டுக்குப் பூசியது. அப்படியும் ரின்னில் மிச்சம் இருந்தது. தோல் ஆசனத்துக்கும் அடித்தேன்.

பின்னேரம் வந்தவர் வாசல் படலையிலேயே நின்றுவிட்டார்.

"காய்ஞ்சிட்டுதோ?"

"ஓம்," என்றேன், ஆசனத்தைத் தொட்டுப் பார்க்காமலே.

மறுநாள் விடிய வெளிக்கிட்டோம். அவர் வெள்ளைச் சேட், வெள்ளைக் காற்சட்டை. பரந்தன் தாண்ட வெயில் ஏறியது, பெயின்ற் இளகியது. தெருப்புழுதி முழுவதும் பெற்றோல் தாங்கியில் அப்பிக்கொண்டது, நாலைந்து வண்டுகளோடு. நின்று நின்று துடைத்ததில் பிந்திப்போனோம். கோயில் வாசலில் அவர் எழும்பியபோது ஆசனம் 'கர்ர்' என்றது. அவசரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

என் சேலை நல்லவேளையாகக் கடும் சிவப்பு.

அவர் தங்கையோடு நடுவால் நடக்க, பின் வாங்குகளில் இருந்தவர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்து அவர்களோடேயே முன்னுக்கு நடந்தது. அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைக் காற்சட்டையில் இரண்டு பெரிய சிவப்பு வட்டங்கள்! ஓடிப்போய் மறைப்பதா, அப்படியே வீட்டுக்கு ஓடுவதா? ஒன்றும் முடிவாகாமல் தூணுக்குத் தூண் நகர்ந்துகொண்டிருந்தேன்.

மணமக்கள் முழங்காலில் இருந்தார்கள். என் கணவர் மோதிரத் தட்டோடு ரோசலினுக்கு முன்னால் போய், அதைப் பீடத்தடியில் வைக்கக் குனிந்தார்.

சுவாமியார் ரோசலினிடம் சம்மதமா என்று கேட்டார். அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து, மூக்கால் வெடித்தாள். சுவாமியார் மறுபடி கேட்டார். மறுபடியும் சிரிப்பு. மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டார்.

"என்ன, என்ரை பிள்ளையைப் பார்க்கச் சிரிப்பாக் கிடக்கோ? தம்பி, எழும்படா, போவம்!"

 என் கணவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரையும் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளையைப் பார்த்தில்லை மாமி, இவரைப் பார்த்து! நான்தான் பெயின்ற் அடிச்சனான்!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. பிறகு, என் விரல் காட்டிய இடத்துக்கு. முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சுவாமியார் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் தரம் கேட்டபோது ரோசலின் கண்ணைத் துடைத்தபடி "ஓம்" என்றாள்.

இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை வந்தால் ரோசலினின் புருஷன் சொல்வார்: "ரெண்டு தரம் கேட்டும் ஓம் சொல்லாதவள் நீ. அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்க வேணும்."

"அதை மச்சாளிட்டைக் கேளுங்கோ," என்று ரோசலின் என்னைக் கைகாட்டுவாள்.

என் கணவர் எழும்பி உள்ளே போவார். சண்டை பிடித்த இரண்டு பேரும் ஒருமிக்கத் திரும்பி, அவருடைய பின்பக்கத்தைப் பார்ப்பார்கள்.