டூத்பிரஷ் மாமா வேட்டி கட்டிய நாள்

சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டூத்பிரஷ் செருகிக்கொண்டு பேங்குக்குப் போகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராயபுரத்துக்காரர். இன்னொருவர் இருந்தால் எழுதுங்கள், இந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கல்மண்டபத்தில் அரிசி மண்டி வைத்திருந்த அண்ணாச்சிக்கு அவர் டிரைவர். அதே மண்டியில் என் அப்பா மேஸ்திரி. அண்ணாச்சியிடம் அவருடைய அப்பா காலத்துச் சிவப்புக் கார் ஒன்று இருந்தது. நான்கு சக்கரத்திலும் குரோம் பூசிய கம்பிகள், ஒன்றுக்கு எழுபத்திரண்டு. மாமா அதை மாதம் இரண்டு முறை ஓட்டுவார், தினமும் துடைப்பார். கடல் காற்றின் உப்பும் துறைமுக லாரிகளின் தூசியும் அவருக்குப் பரம விரோதிகள்.

துடைப்பதற்கு ஒரு சட்டமே போட்டிருந்தார். வண்டி நிழலில் நிற்க வேண்டும். சக்கரம் ஆறியிருக்க வேண்டும், அதைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். முதலில் வெறும் தண்ணீர், பிறகு லேசான ஷாம்பூ தண்ணீர், கம்பி கம்பியாகப் பையிலிருக்கும் அந்த டூத்பிரஷ். உடனே ஈரம் போகத் துடைத்து, மெழுகு. ஒரு நாளைக்கு ஒரு சக்கரம்தான். அதற்கு மேல் கேட்டால், "சோறு கூட அள்ளி அள்ளித் துன்னா செரிக்குமா?" என்பார்.

என் கல்யாணத்துக்கு அந்தக் காரைத் தருவதாக அண்ணாச்சி சொன்னார். ஆனால் வண்டிக்கு ஏதாவது ஆனால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. பெண் அழைப்பு அன்று காலை மூன்று சக்கரம் மின்னியது. நான்காவது பாக்கி. மாமாவோ நிதானமாக டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. முகமெல்லாம் நலங்கு மஞ்சளோடு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுத்து வந்து இடது முன்சக்கரத்தில் ஊற்றி, ஸ்டீல் நாரால் தேய்த்தேன். தரையே பளிச்சென்று ஆகிறதே, சக்கரத்துக்கென்ன? பளபளப்பு போய் மோர் கொட்டினது மாதிரி வெளுத்துப்போனது.

திரும்பி வந்த மாமா சக்கரத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினார். "கண்ணுல பட்டுச்சா? எரியுதா பாப்பா?" என்றார். அதன் பிறகுதான் சக்கரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வெளுத்தது வெளுத்ததுதான். அண்ணாச்சியிடம் நானே ஒப்புக்கொள்கிறேன் என்று அழுதேன்.

"கண்ணாலப் பொண்ணு திட்டு வாங்கிகினு மேடைல குந்தக் கூடாது. நீ உள்ள போ, நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் தெருவே வாயைப் பிளந்தது. காக்கி பேன்ட் தவிர எதுவும் அறியாத மனிதர் எட்டு முழ வேட்டியில் வந்தார். இடது முன்சக்கரத்தை மறைத்துக் காலை அகட்டி நின்றார். போட்டோகிராபர் நகரச் சொன்னால் அரை அடி நகர்ந்து, கிளிக் செய்வதற்குள் திரும்பி வந்துவிடுவார். அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்தபோது மாமா வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காற்று வாங்கினார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் அவரே மண்டிக்குப் போய், அவசரத்தில் தான்தான் ஆசிட் ஊற்றிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"யோவ், நீயா? பல்லு வெளக்கவே அரை மணி நேரம் எடுக்க ஆளு. யாரையோ காப்பாத்துத. போ, அந்தச் சக்கரத்துக்கு முலாம் போடுத வழியப் பாரு."

யாரை என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. இதை அப்பா சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போன வாரம் என் மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் மாப்பிள்ளை முகமே மாமாவின் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. எல்லாப் படத்திலும் நிற்கிறாரே, இவர் யார் என்று கேட்டாள். என்னைப் பெற்ற அப்பா கூட அத்தனை படத்தில் இல்லை.

பொண்ணு வீட்டுக்காரர் என்று சொன்னேன்.