அபிஷேகம் செய்த கார்ச் சாவி

காரை எவ்வளவு வேண்டுமானாலும் கும்பிடுங்கள். சாவியை மட்டும் குளிப்பாட்டாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது. என் தம்பி முகிலனின் கல்யாணம் அதனால்தான் நின்றுபோகப் பார்த்தது.

அப்போதுதான் முதன்முதலாகப் புதுக் கார் வாங்கியிருந்தேன். துளையில் விட்டுத் திருகுகிற சாவி இல்லை. பையில் இருந்தாலே போதும், பொத்தானைத் தட்டினால் கார் ஓடும். சாவி என்று பேர்தானே தவிர, பார்க்க ஒரு கறுப்புச் சோப்புக் கட்டி. கல்யாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, புக்கிட் காத்தில் என்கிற எங்கள் ஊரிலிருந்து காரைக் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை, முன்னால் மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை. அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வந்தேனா?

“சாமி, சாவியையும் அம்மன் கால்ல வெச்சு அபிஷேகம் பண்ணிக் குடுங்க.”

“சாவிக்குப் பொட்டு வெச்சா போதும்மா,” என்றார் குருக்கள்.

“இல்ல சாமி, ஞாயித்துக்கிழமை தம்பி கல்யாணம். தாலி இந்தக் காடியிலதான் போகுது.” (எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பேர்.)

அவர் என்ன செய்வார், பாவம். பால், பன்னீர், மஞ்சள் தண்ணீர், கடைசியில் சந்தனம். அம்மனுக்கு நடந்ததெல்லாம் என் சாவிக்கும் நடந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத்திப் பார்த்தேன். கார் திறந்தது. வீடு வரைக்கும் ஒரே பெருமை.

ஞாயிறு காலை லூபோக் சீனா என்கிற ஊரில், பெண் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். தாலித் தட்டை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. பூஜை போட்ட கார் என்னுடையது, மாப்பிள்ளைக்கு ஒரே அக்காவும் நான். அந்தத் திமிர்! தட்டைப் பின்சீட்டில் வைத்து, ஆடாமல் இருக்கத் தலையணை முட்டுக் கொடுத்துக் கொண்டுபோனேன். போய் இறங்கியதும், மேடை வேலை முடிந்ததா என்று பார்த்துவிட்டு வந்து தட்டை எடுத்துக்கொள்ளலாமென்று காரைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். பூட்டும்போது வேலை செய்த சாவி, திரும்பி வந்து அழுத்தியபோது செத்துக் கிடந்தது.

அழுத்தினேன். ஊதினேன். கன்னத்தில் வைத்துச் சூடு காட்டினேன். கெஞ்சினேன், பிறகு கெட்ட வார்த்தையில் திட்டினேன் (பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கோயில் வாசலில்). ம்ஹும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாலி பளபளவென்று தெரிந்தது.

அம்மா ஓடி வந்தார். “என்னடி பண்ணுற? ஐயர் தாலி எங்கன்னு கேக்குறாரு!”

“சாவி வேலை செய்யலம்மா.”

“அலமாக், ஐயய்யோ! இன்னொரு சாவி?”

“வீட்டுல. சாமி படத்துக்கு முன்னால.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகூர்த்தம் முடிய அரை மணி நேரம்கூட இல்லை.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பூஜைத் தேங்காயோடு வந்தார். “நவுரு. கண்ணாடியில ஒரே போடு.”

“மாமா, புதுக் காடி மாமா!”

“உனக்குத் தாலி வேணுமா, கண்ணாடி வேணுமா?”

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. அதற்குள் பெண்ணின் பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தார். “தாலி இல்லாட்டி என்ன லா? மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கிழங்கக் கட்டி ஏத்திடலாம்.” நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அம்மா தன் பழைய வளையலை அழித்து, தானே பொற்கொல்லர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யவைத்த தாலி அது. அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் அக்கா தாலியைக் காருக்குள் வைத்துப் பூட்டினாள் என்று இந்த வட்டாரமே பேசுமே, தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன்? “உடைங்க மாமா,” என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உடைகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் எதிரில் மணப்பெண் கௌசி. கூறைப்புடவை, கழுத்து நிறைய மாலை, நெற்றிச்சுட்டி. மேடையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

“சாவியக் குடுங்க அண்ணி. எங்கப்பா காடியும் ஒரு தடவ இப்படித்தான் பண்ணுச்சு.”

சாவியின் பக்கவாட்டில் எதையோ தள்ளி இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு குட்டி இரும்புச் சாவி வந்தது. (உள்ளே ஒரு சாவி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?) கூடவே காய்ந்த சந்தனமும் உதிர்ந்தது. கௌசி முகர்ந்து பார்த்தாள்.

“அண்ணி, இதுக்கு எதுக்குச் சந்தனம்?”

நான் வானத்தைப் பார்த்தேன். அவள் கதவில் இருந்த துளையைக் கண்டுபிடித்துத் திருகினாள். கதவு திறந்தது. திறந்த வேகத்தில், திருடன் வந்துவிட்டான் என்று நினைத்துக் கார் அலற ஆரம்பித்தது. பாம், பாம், பாம் என்று மண்டபமே அதிர்ந்தது. நிறுத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. “விடுங்க அண்ணி, நேரம் போவுது!” என்று கௌசி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். தட்டோடு நான் பின்னால் ஓடினேன்.

நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதியும் கார்தான் ஜெயித்தது. ஐயர் வாய் அசைந்தது, மந்திரம் கேட்கவில்லை. கெட்டிமேளத்துக்கு அவர் விரலைத்தான் ஆட்டிக் காட்டினார். முகிலன் தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டும். நான் போட்டு முடித்தேன், கார் அலறலை நிறுத்தியது. கூட்டம் ‘அப்பாடா’ என்றது. மறுபடியும் பாம், பாம், பாம்.

இன்று அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். போன வாரம் உம்பாய்க் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே யாருடைய காரோ அலறியது. “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று முகிலன் கத்தினான். கௌசி குனிந்து கழுத்தைக் காட்டினாள். அம்மா தட்டிலிருந்து நாலு பருக்கைச் சோற்றை எடுத்து அவர்கள் தலையில் போட்டார். பிறகு மொத்தக் குடும்பமும் என்னையே பார்த்தது. நண்டுக் குழம்புக் கையோடு நான் எழுந்துபோய், கௌசியின் பின்னால் நின்று, இல்லாத முடிச்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.